கைக்குழந்தைக்கு நிற்காத வயிற்றுப்போக்கு: நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

குழந்தைக்கு எத்தனை நாட்களாக வயிற்றுப்போக்கு இருக்கிறது என்று புறநோயாளிகள் பிரிவில் கேட்கும்போது, "இரண்டு நாளாகத்தான், டாக்டர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. உரையாடல் சற்று நீளும்போது வேறொரு வரலாறு வெளிப்படும். மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் கொடுத்ததும் ஒரு நாள் நின்றிருக்கும். மீண்டும் போகவே, அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டியிருப்பார்கள்; சற்றுக் குறைந்திருக்கும். முந்தாநாள் முதல் மறுபடியும் அதிகமாகியிருக்கும். பெற்றோர் எதையும் மறைக்கவில்லை. கடைசியாக அதிகமான நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மருத்துவரைப் பொறுத்தவரை, 2 நாள் வயிற்றுப்போக்கும் 22 நாள் வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய இரு வேறு நோய்கள். அவற்றின் காரணங்களும் ஆபத்துகளும் வேறு. கொடுக்க வேண்டிய சிகிச்சையும் வேறு.

திடீரெனத் தொடங்கி 14 நாட்களோ அதற்கு மேலோ தொடர்வதை 'நீடித்த வயிற்றுப்போக்கு' என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இடையில் ஒரு நாள் நின்றுவிட்டால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. குறைந்தது இரண்டு முழு நாட்களாவது குழந்தையின் மலம் அதன் வழக்கமான நிலையில் இருந்தால்தான் அந்த நோய் முடிந்ததாகக் கொள்ளலாம். அதற்குள் மீண்டும் நீராகப் போனால் அது பழைய நோயின் தொடர்ச்சியே. ஆகவே முதன்முதலில் நீர்மலம் கண்ட தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரை மாற்றினாலும், மருந்தை மாற்றினாலும் அந்தத் தேதி மாறாது.

எது வயிற்றுப்போக்கு, எது அன்று?

தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறைகூட மலம் கழிக்கலாம். பால் குடித்து முடிக்கும் முன்பே கழிப்பதும் உண்டு. மலம் கடுகு அரைத்த விழுதைப் போல மஞ்சளாக, இளகலாக, சிறு திப்பிகளுடன் இருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, போதிய அளவு சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால் இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. இதை நோயெனக் கருதித் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பாப் பாலுக்கு மாறிய பின்னரே உண்மையான வயிற்றுப்போக்கு தொடங்கிய குழந்தைகளை நாங்கள் காண்கிறோம்.

குழந்தையின் வழக்கத்திலிருந்து ஏற்படும் மாற்றமே கவனிக்க வேண்டியது. எப்போதும் இருப்பதைவிட மலம் நீராகி, எண்ணிக்கையும் கூடினால் அது வயிற்றுப்போக்கு. சற்று வளர்ந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போவது என்பது பொதுவான அளவுகோல்.

பல் முளைக்கும்போது பேதியாவது இயல்புதானே என்று பலர் கேட்கிறார்கள். பல் முளைக்கும் பருவமும், குழந்தை தவழ்ந்து கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. கிருமிகள் குடலுக்குள் புகுவதும் அப்போதுதான். பல்லின் மீது பழியைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பது நல்லதன்று.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. பூத்துவாலையின் நூல் முனைகளைப் போல, 'குடலுறிஞ்சிகள்' எனப்படும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. உண்ட உணவு அவற்றின் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கவைக்கும் 'லாக்டேஸ்' நொதி இந்த விரல்களின் நுனியில் உள்ளது. ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் முதலில் சிதைப்பது அந்த நுனிகளைத்தான். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களில் அங்கே புதிய செல்கள் வளர்ந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஒரு வாரத்திற்குள் தானாகவே அடங்குவதற்கு இதுவே காரணம்.

சில குழந்தைகளிடம் இந்தப் புதுப்பிப்பு நடைபெறுவதில்லை. புதிய செல்களை உருவாக்கப் புரதமும் ஆற்றலும் துத்தநாகமும் வேண்டும். குழந்தை ஏற்கெனவே மெலிந்திருந்தாலும், வயிற்றுப்போக்கைக் காரணம் காட்டி உணவைக் குறைத்துவிட்டாலும் குடலால் தன்னைச் சரிசெய்துகொள்ள இயலாது. சரியாகாத குடல் உணவை உறிஞ்சாது. உறிஞ்சாததால் குழந்தை மேலும் மெலியும். மெலிந்த உடலில் அடுத்த கிருமி எளிதாகத் தொற்றும். நீடித்த வயிற்றுப்போக்கில் நான் அஞ்சுவது இந்தச் சுழலைத்தான். திடீர் வயிற்றுப்போக்கில் நீரிழப்பு சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். நீடித்ததிலோ அந்த ஆபத்துடன் ஊட்டக்குறைவும் சேர்கிறது. அது ஓசையின்றி வருவது. குழந்தை சிரித்துக்கொண்டே மெலியும்.

ஒரு குழந்தையைப் பற்றிக் கூறினால் இது எளிதில் விளங்கும். ஏழு மாதம் நிறைவதற்குச் சில நாட்கள் இருந்த பெண் குழந்தை. 18 நாட்களாக வயிற்றுப்போக்கு. "நன்றாக விளையாடுகிறாள், காய்ச்சல் இல்லை" என்றார் தாய். உண்மைதான், என் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள். தாய் சேய் நல அட்டையில் ஆறாம் மாதத்தில் 6.4 கிலோ என்று குறிக்கப்பட்டிருந்தது. அன்று எங்கள் தராசு காட்டியது 5.8 கிலோ. பாலில் பாதிக்குப் பாதி நீர் கலந்து, அதையும் புட்டியில் கொடுத்திருக்கிறார்கள். செரிக்க எளிதாக இருக்கும் என்ற எண்ணம். திட உணவில் ஜவ்வரிசிக் கஞ்சியைத் தவிர அனைத்தையும் நிறுத்தியிருந்தனர். ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தேவையான புரதம் அதில் இல்லை. அன்பு மிகுந்த வீடு அது. அந்த அன்பே குழந்தையைப் பட்டினி போட்டிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து, புட்டியை நிறுத்தி, தயிர் கலந்த குழைந்த சோறும் பருப்பும் சிறிது எண்ணெயும் கிண்ணத்திலிருந்து ஊட்டினோம், துத்தநாகமும் கொடுத்தோம். சிறுநீரில் கண்ட ஒரு தொற்றுக்கு மட்டும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்பட்டது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பியபோது மலம் கெட்டியாகியிருந்தது. எடையும் ஏறத் தொடங்கியிருந்தது.

உணவை நிறுத்தாதீர்கள்

தாய்ப்பாலை எந்த நிலையிலும் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலிலும் லாக்டோஸ் இருக்கிறதே என்று படித்த பெற்றோர் சிலர் ஐயுறுகிறார்கள். இருக்கிறது, ஆயினும் குடலை ஆற்றும் பொருட்களும் அதில் இருப்பதால், மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நன்மையே செய்கிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. அடிக்கடி கொடுங்கள், இரவிலும் கொடுங்கள்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு, அதன் வயதுக்கேற்ற வழக்கமான உணவையே சிறிது சிறிதாக ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். குழைந்த சோறு, பாசிப்பருப்பு, மசித்த வாழைப்பழம், முன்பே பழகியிருந்தால் முட்டை ஆகியவை தகும். ஒவ்வொரு வேளையிலும் ஒரு சிறு கரண்டி எண்ணெய் சேர்த்தால் உணவின் அளவு கூடாமலேயே ஆற்றல் கூடும். பால் ஒத்துக்கொள்ளாத குடலும் தயிரை ஓரளவு ஏற்கும்; பாலை உறையச் செய்யும் நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னதாகவே உண்டுவிடுகின்றன. வயிறு சரியில்லாதபோது தயிர்ச்சோறு கொடுக்கச் சொன்ன பாட்டிமார்கள் இந்த நொதியின் பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னது சரியே.

வாழைக்காயும் அப்படியே. நீடித்த வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு அரிசி உணவுடன் வேகவைத்து மசித்த வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தபோது மலம் விரைவில் கெட்டியானதை, வங்கதேச மருத்துவர்கள் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் குழந்தைகளுக்கு ஏத்தங்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சும் வழக்கம் இருப்பதை அங்கிருந்து வருவோர் அறிவர். அதைப் பசும்பாலில் காய்ச்ச வேண்டாம் என்பது மட்டுமே நான் சேர்த்துச் சொல்லும் குறிப்பு.

தவிர்க்க வேண்டியவை: நீர் கலந்த பால், பழச்சாறு, குளிர்பானம், வெறும் சர்க்கரை நீர், பால்புட்டி. அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை மேலும் நீராக்கும். புட்டியையும் அதன் ரப்பர் காம்பையும் எவ்வளவு கழுவினாலும் மூலைகளில் கிருமிகள் தங்கிவிடுகின்றன. கிண்ணமும் கரண்டியும், அல்லது நம் வீட்டுப் பழைய பாலாடையும், கழுவிக் கொதிநீரில் போட எளியவை.

உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும்

1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள போன்கான் பகுதியின் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துவந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவிலிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடலுக்குள் நுழையும்போது உப்பையும் உடனழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. வயிற்றுப்போக்கின் நடுவிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் தத்துவம் இவ்வளவே. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தன்று. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வது. "கொடுத்தும் நிற்கவில்லை" என்று கைவிட்டுவிடாதீர்கள்.

பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலங்களும் கிடைப்பதால், கரைக்கும் முன் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தம்ளர் நீரில் சிட்டிகை அளவு போட்டுக் கலக்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். அளவு தவறினால் பயன் குறையும், சில வேளை தீங்கும் நேரும். 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை நீராகப் போன பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை கரண்டியால் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு மருத்துவர் கூறும் அளவே சரியானது.

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பழச்சுவைப் பானங்கள் நீண்ட காலம் விற்கப்பட்டன. அத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள்.

துத்தநாகம், அதாவது ஜிங்க், இரண்டு முதல் ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். ஆறு மாதத்திற்கு மேல் 20 மில்லிகிராம். மலம் கெட்டியானாலும் 14 நாட்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுவது வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

பேதியைக் கட்டும் மருந்துகளை, குறிப்பாக லோபெரமைடு உள்ளவற்றை, கைக்குழந்தைகளுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. குடல் அசைவையே முடக்கும் அபாயம் அவற்றில் உண்டு. மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் வேண்டாம். தேவையின்றிக் கொடுத்தால் அதுவே வயிற்றுப்போக்கை நீட்டிக்கும்.

தொக்கம் எடுப்பதைப் பற்றியும் கூறியாக வேண்டும். உணவு தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டதால் பேதியாகிறது என நம்பி, குழந்தையின் தொண்டைக்குள் விரல் விடுவது, குழல் வைத்து ஊதுவது போன்றவை இன்றும் நடக்கின்றன. இதனால் மூச்சுத் திணறலும் தொண்டையில் காயமும் ஏற்படக்கூடும். மாந்தம் என்று கூறி உரைகல்லில் இழைத்துப் புகட்டும் மருந்தும் கைக்குழந்தைக்கு ஏற்றதன்று. கல்லிலும் கையிலும் உள்ள கிருமிகள் அதனுடன் உள்ளே செல்கின்றன. இவற்றால் இழக்கும் நாட்களும் பதினான்கில் அடங்குகின்றன என்பதை நினைவில் கொள்க.

எப்போது அழைத்து வர வேண்டும்?

இரவானாலும் விடுமுறை நாளானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வர வேண்டிய நிலைகள் உண்டு. குழந்தை துவண்டு கிடத்தல் அல்லது எழுப்பினாலும் விழிக்காமை; பால் குடிக்க இயலாமை; குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல்; கண்கள் குழிவிழுதல்; ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காமை; மலத்தில் இரத்தம்; பச்சை நிற வாந்தி; வயிறு உப்பி இறுகுதல்; வலிப்பு. தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நின்றால் நீரிழப்பு கடுமையாக உள்ளது என்று பொருள். உச்சிக்குழி பள்ளமாவதும் நீரிழப்பின் அடையாளமே. அதில் எண்ணெய் வைப்பதால் பள்ளம் நிரம்பாது. குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, இடையில் சோர்ந்து, சிவந்த சளி போன்ற மலம் கழித்தால் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது.

சிறுநீரைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இக்காலத்து டயப்பர்களில் நீர்மலமும் சிறுநீரும் ஒன்றாக உறிஞ்சப்படுவதால் எது எதுவெனத் தெரிவதில்லை. வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் பழைய பருத்தித் துணிக்குத் திரும்புவது நல்லது.

மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அன்றே காட்டுங்கள். காய்ச்சலும் இருந்தால் ஒரு வேளையும் காத்திருக்க வேண்டாம். அதற்கு மேற்பட்ட வயதினரிடம் மூன்று நாளில் குறைவதற்கான அறிகுறி இல்லையெனில் மருத்துவரைக் காணுங்கள். ஏழு நாட்களைக் கடந்தால், குழந்தை விளையாடினாலும் சிரித்தாலும், எடை பார்த்தே ஆக வேண்டும். அருகிலுள்ள அங்கன்வாடியிலும் பார்க்கலாம். முதல் மூன்று மாதங்களில் ஒரு குழந்தை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும். எடை ஏறாமல் நின்றாலே அது எச்சரிக்கை. இறங்கினால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். 14 நாட்களாகிவிட்டால் குழந்தை நல மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். நான்கு மாதத்திற்குட்பட்ட குழந்தைகள், மிகவும் மெலிந்தவர்கள், நீரிழப்பு உள்ளவர்கள் ஆகியோரை உள்நோயாளியாகச் சேர்த்தே சிகிச்சை அளிப்போம்.

வரும்போது நாட்காட்டிக் குறிப்பையும், தாய் சேய் நல அட்டையையும், இதுவரை கொடுத்த மருந்துகளின் புட்டிகளையும் கொண்டுவாருங்கள். மலத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டப் பலர் கூச்சப்படுகிறார்கள். எங்களுக்கு அந்தப் படம் பத்து நிமிட விளக்கத்தைவிடப் பயனுள்ளது.

இங்கு என்ன செய்வோம்?

முதலில் எடையும் நீரிழப்பும். அடுத்து மலமும் சிறுநீரும் பரிசோதிக்கப்படும். சிலருக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். குடலுக்கு வெளியே, சிறுநீர்ப் பாதையிலோ காதிலோ நுரையீரலிலோ மறைந்திருக்கும் தொற்றும் வயிற்றுப்போக்கை நீட்டிக்கும் என்பதால் குழந்தையை முழுமையாக ஆராய்வோம். மலம் நுரைத்து, புளித்த வாடையுடன் வெளியேறி, ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தால் லாக்டோஸ் செரிக்கவில்லை என ஊகிக்கலாம். இது பெரும்பாலும் தற்காலிகமானது. சில வாரங்கள் உணவை மாற்றியமைத்தால் தீர்ந்துவிடும். பசும்பால் புரத ஒவ்வாமை என்பது வேறு. அதில் மலத்தில் இரத்தக் கீற்று, தோலில் கரப்பான் முதலியவை காணப்படலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது இருந்தால் தாய் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பாலும் பால் பொருட்களும் தவிர்த்துப் பார்க்க வேண்டும்; தாய்ப்பால் தொடரும். பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி நிற்காமல் போகும் வயிற்றுப்போக்கு, கோதுமை கொடுத்த பிறகு தொடங்கும் சீலியாக் நோய், நோயெதிர்ப்புக் குறைபாடு ஆகியவை அரிதானவை. அவற்றுக்குத் தனிப் பரிசோதனைகள் உள்ளன. எல்லாக் குழந்தைகளுக்கும் அவை வேண்டியதில்லை.

சிகிச்சையின் பெரும்பகுதி உணவுதான் என்று அறியும்போது சில குடும்பத்தார் ஏமாற்றமடைகிறார்கள். ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் இல்லாமல் என்ன மருத்துவம் என்ற எண்ணம். முதற்கட்டத்தில் பாலின் அளவைக் குறைத்த அரிசி உணவு. அதற்கு அடங்காவிட்டால் பாலே இல்லாமல், பொரி மாவும் முட்டையும் எண்ணெயும் சேர்ந்த உணவு. அதற்கும் அடங்காத சிலருக்கு மட்டும் கோழி இறைச்சிக் கூழும் குளுக்கோஸும். பெரும்பாலான குழந்தைகள் முதற்கட்டத்திலேயே தேறிவிடுகின்றனர்.

ரோட்டா வைரஸ் தடுப்பு சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது. 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. எல்லா வயிற்றுப்போக்கையும் அது தடுக்காது; கடுமையான ரோட்டா தொற்றின் ஆபத்தைப் பெரிதும் குறைக்கும்.

வயிற்றுப்போக்கு நின்ற பிறகு, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வழக்கமான உணவுடன் நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடை திரும்பும் வரை, குறைந்தது ஒரு மாதம் இதைத் தொடருங்கள். பசும்பாலைத் திரும்பக் கொண்டுவருவதை மருத்துவர் கூறும் நாளில், சிறிய அளவில் தொடங்கலாம். வீடு திரும்பிய ஏழாம் நாள் எடை பார்க்க வருமாறு சீட்டில் எழுதியிருப்போம். மலம் சரியாகிவிட்டதால் அந்த வருகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது மலத்தின் விவரமன்று. தராசு காட்டும் எண்.